லாயத்துக்குப் போகும்போது பையில் சாக்லேட் வேண்டாம்

பெங்களூரில் தனியாகவோ நாலு பேர் பங்கு போட்டோ பந்தயக் குதிரை வாங்கி, வார இறுதியில் அதைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. விடியற்காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறுவதற்குள் பயிற்சி ஓட்டம் முடிந்துவிடும், பத்து மணிக்குப் போனால் நின்றபடியே தூங்கும் குதிரையைத்தான் பார்ப்பீர்கள்.

ஆசையாக எதையாவது ஊட்டுவதற்கு முன் ட்ரெய்னரிடம் கேளுங்கள். சாக்லேட்டில் இருக்கும் தியோப்ரோமைன், காபியிலும் டீயிலும் இருக்கும் கஃபீன், இரண்டுமே பந்தய நாள் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டக்கூடியவை, ஜெயித்த குதிரைகூடத் தகுதி இழக்கலாம். கேரட் போதும், அதுவும் நீளவாக்கில் நறுக்கியது; வட்டத் துண்டுகள் தொண்டையில் அடைக்கும். உள்ளங்கையை நன்றாக விரித்து நீட்டுங்கள், விரல்களுக்கு அதுதான் நல்லது.

அப்புறம், ஓடி வந்து உடம்பு ஆறியதும், சைஸ், அதாவது குதிரையைப் பராமரிக்கும் ஆள், பக்கத்தில் இருக்கும்போது முன்னங்கால் இரண்டையும் முழங்காலுக்குக் கீழே தடவிப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாகவோ வீங்கியோ இருந்தால் அன்றே ட்ரெய்னரிடம் சொல்லுங்கள், தசைநாண் காயம் பல நேரம் இப்படித்தான் முதலில் தலைகாட்டும். காலையில் எடுத்த வெப்பநிலையையும் கேளுங்கள், 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் என்றால் சரி.

கடைசியாகத் தீவனத் தொட்டி. ஃபர்லாங்குக்கு (சுமார் 200 மீட்டர்) இத்தனை நொடி என்று ஸ்டாப்வாட்ச் காட்டும் கணக்கைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை. தினமும் துடைத்து வைக்கும் குதிரை பாதியை மிச்சம் வைத்திருந்தால் ஏன் என்று கேட்காமல் கிளம்பாதீர்கள்.