ப்ராம் கோர்சாஜ்: தோளிலிருந்து மணிக்கட்டுக்கு இறங்கிய பூ

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கல்வியாண்டு முடியும் தறுவாயில் நடக்கும் நடன விருந்து ப்ராம். அதற்குப் பெண்கள் அணியும் சின்ன மலர்க்கொத்துதான் கோர்சாஜ். பாட்டிமார் காலத்தில் கார்டீனியா என்ற மணமுள்ள வெள்ளைப் பூ ஒன்றையோ ஆர்க்கிட்டையோ ரிப்பனோடு கவுனின் இடது தோளில் ஊசியால் குத்தினால் போதும். (கார்டீனியாவை ஈரக் கையால்தான் தொட வேண்டும், இல்லையென்றால் தொட்ட இடமெல்லாம் பழுப்பாகிவிடும்.) தோள் இல்லாத கவுன்களும் நூல் போன்ற பட்டி வைத்தவையும் பெருகப் பெருக, குத்த இடமில்லாமல் பூ மணிக்கட்டுக்கு இறங்கியது. அதனால் கவுனின் நிறத்தை மட்டும் கேட்டுவிட்டுப் பூ வாங்கக் கூடாது. முழுக்கை கவுனாக இருந்தால் மணிக்கட்டுப் பூ உரசியே நசுங்கும். அதற்குப் பழைய தோள் முறைதான் சரி.

மணிக்கட்டுக் கொத்துக்கு ஒரே காம்பில் பல பூ விடும் சிறு ரோஜா 3 முதல் 5, கொஞ்சம் ஜிப்சோபிலா (இடைவெளி நிரப்பும் பொடி வெள்ளைப் பூ), பெரணி இலை, 24 கேஜ் பூக்கம்பி, பூக்கடைக்காரர்கள் சுற்றும் பச்சை டேப், கால் அங்குல ரிப்பன், எலாஸ்டிக் பட்டி ஆகியவை வேண்டும். மல்லிகை தொடுத்துப் பழகிய கை நாரைத் தேடும். ரோஜாக் காம்பின் தடிமனுக்கு நார் பிடிக்காது, வழுக்கிவிடும்.

முதல் நாள் இரவே காம்பைச் சாய்வாக வெட்டித் தண்ணீரில் நிறுத்துங்கள். கோர்சாஜாகக் கட்டிய பிறகு பூவுக்குத் தண்ணீர் கிடைக்காது. இப்போது குடித்ததுதான் அடுத்த நாள் முழுக்கத் தாங்கும். காலையில் காம்பை 2 செ.மீ. விட்டு நறுக்கி, இதழுக்குக் கீழுள்ள பச்சைக் குமிழில் கம்பியைக் குறுக்கே செருகி, இரு முனைகளையும் காம்போடு சேர்த்து மடியுங்கள். மேலிருந்து கீழாக டேப் சுற்றுங்கள். இழுத்துச் சுற்றினால்தான் அதன் மெழுகுப் பசை வெளிவரும். டேப் ஒட்டவில்லை என்று வருபவர்களில் பாதிப் பேர் இழுக்காமல் சுற்றியவர்கள்தான்.

பெரிய பூ நடுவிலும் மொட்டு ஓரங்களிலும் வரும்படி, கையின் நீளவாக்கில் அடுக்கிக் கட்டுங்கள். 10 செ.மீ. நீளம் தாராளம். கனம் கூடினால் பூ உள்ளங்கைப் பக்கம் சுழன்றுவிடும், படத்தில் எலாஸ்டிக்தான் தெரியும். இப்போது பலர் உலோக வளையத்தில் பூவை ஒட்டுகிறார்கள். அதற்குப் பூக்களுக்கான குளிர்பசைதான் ஏற்றது. சூட்டுப் பசை இதழைக் கருக்கும், ஃபிரிட்ஜில் வைத்தால் விட்டுவிடும்.

லேசாக நீர் தெளித்து, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். பக்கத்தில் ஆப்பிளோ வாழைப்பழமோ வேண்டாம்; பழம் விடும் எத்திலீன் பூவை மூப்பாக்கும். பின்சுவரை ஒட்டினாற்போல் வைத்தால் இதழ் உறையும்.

பையன் கோட்டில் குத்திக்கொள்ளும் பூவுக்குப் பூட்டனியர் என்று பெயர். அதற்கு ஒரு ரோஜா போதும். கோட்டின் இடது காலரில், காம்பு கீழ்நோக்க, பின்பக்கத்திலிருந்து ஊசி குத்தினால் ஊசி வெளியே தெரியாது. அந்தக் காலத்துக் கோட்டில் காலர் துளையில் காம்பைச் செருகி, பின்னாலுள்ள நூல் கண்ணியில் மாட்டுவார்கள். இன்றைய வாடகைக் கோட்டில் பெரும்பாலும் அந்தத் துளை வெறும் தையல்தான்.

பையன் கோர்சாஜ் வாங்க வேண்டும், பெண் பூட்டனியர் வாங்க வேண்டும் என்ற பழைய கணக்கும் இப்போது செல்லாது. ஜோடியில்லாமல் நண்பர் கூட்டமாகப் போகிறவர்கள் தங்கள் பூவைத் தாங்களே வாங்குகிறார்கள். இரு பெண்கள் ஜோடியாகப் போனால் இரண்டு கோர்சாஜ், அல்லது கோட்டு அணிபவருக்கு மட்டும் பூட்டனியர். ஆர்டர் கொடுக்கும் முன் பிள்ளைகளையே கேட்டுவிடுங்கள்.