மாட்டுக்கு ஜிபிஎஸ் மாட்டுகிறீர்களா? சறுக்கும் இடங்கள் இவை

காதில் அடையாள வில்லை இருக்கிறது, திருடுபோன மாடு எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். முடியாது. சாதாரண ஆர்எஃப்ஐடி (ரேடியோ அலையால் எண்ணைப் படிக்கும்) வில்லைக்குள் பேட்டரியே கிடையாது. படிக்கும் கருவியைக் காதருகே கொண்டுபோனால் 15 இலக்க எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். பிடிபட்ட மாடு உங்களுடையது என்று நிரூபிக்க அது உதவும். வண்டியேறிப் போய்க்கொண்டிருக்கும் மாட்டைத் தேட, கழுத்தில் கட்டும் ஜிபிஎஸ் பட்டைதான் வேண்டும்.

சரி, பட்டை வாங்குகிறீர்கள். டவர் பார்த்தீர்களா? ஜிபிஎஸ் தன் இடத்தைக் கணக்குப் போட மட்டுமே செய்யும். அதை உங்கள் போனுக்கு அனுப்புவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் சிம். மேய்ச்சல் நிலத்தின் கோடிக்குப் போய், அதே நெட்வொர்க் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் லோரா (சிம் இல்லாமல் நெடுந்தூரம் போகும் ரேடியோ முறை) அல்லது செயற்கைக்கோள் வழியாக அனுப்பும் பட்டைதான் சரிப்படும். 2ஜியில் மட்டும் ஓடும் மலிவுப் பட்டை வேண்டாம். பல நாடுகளில் 2ஜியையே மூடிவிட்டார்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது இடைவெளித் தவறு. பேட்டரியை மிச்சம் பிடிக்க, 6 மணி நேரத்துக்கு ஒரு தகவல் என்று வைத்துவிடுகிறார்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி அதற்குள் 240 கிலோமீட்டர் போயிருக்கும். பகலில் இடைவெளியைக் கூட்டி இரவில் குறையுங்கள். போன் வரைபடத்தில் நீங்கள் வரைந்து வைக்கும் எல்லையை மாடு தாண்டியதும் தானாகவே அடிக்கடி அனுப்பும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது.

அந்த எல்லைக்கோட்டை வேலியை ஒட்டி வரையாதீர்கள். ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும், தகரக் கூரைக்கடியில் இன்னும் கூடுதலாக. மாடு வேலியோரம் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும், இங்கே அலாரம் அலறும். நாலு நாள் எழுந்து ஓடுவீர்கள். அப்புறம் போனைச் சைலண்டில் போட்டுவிட்டுத் தூங்குவீர்கள்.

பட்டையை அறுக்கத் திருடனுக்கு ஒரு கத்தி போதும். அறுத்தாலோ, வெகுநேரம் அசையாமல் கிடந்தாலோ தகவல் தரும் வகையாகப் பாருங்கள். வளரும் கன்றுக்குப் பட்டை இறுகிக்கொண்டே வரும், அவ்வப்போது கைவிட்டுப் பார்த்துத் தளர்த்த வேண்டும்.

ராத்திரி ஒரு மணிக்கு அலாரம் அடித்தால் யார் யாருக்குப் போன் போடுவது? இதை மாட்டும் அன்றே பேசிவிடுங்கள். டார்ச்சும் கையுமாகத் தனியே துரத்த வேண்டாம்; புள்ளி நகரும் திசையைப் போலீசுக்குச் சொல்ல ஒருவர் போனோடு வீட்டிலேயே இருக்கட்டும்.