பழைய பில் மாறக் கூடாது: கடைக்கு மென்பொருள் எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரோடு, திருப்பூர் பக்கம் ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங், ஸ்டாக் மென்பொருள் எழுதித் தருவதுதான் என் பிழைப்பு. இப்போது காலேஜ் முடித்த பிள்ளைகள் நிறையப் பேர் இந்த வேலைக்கு வருகிறார்கள். திரை அழகாக இருக்கிறது, மொபைலில் ஓடுகிறது, நாங்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய வேலையைச் சீக்கிரமே முடித்துவிடுகிறார்கள். ஆனால் உள்ளே திறந்து டேபிள்களை, அதாவது தகவல் சேமிக்கும் அட்டவணைகளைப் பார்த்தால் நாங்கள் விழுந்த அதே குழிகளில் இவர்களும் வரிசையாக விழுந்து கிடக்கிறார்கள். பாஸ்வேர்டை அப்படியே சேமிக்காதே, பேக்கப் எடு என்பதெல்லாம் ஊரே சொல்வது, அதை விட்டுவிடுகிறேன்.

ஓனரிடம் மட்டும் கேட்டுத் திட்டம் போடுவது

ஓனர் தன் கடை எப்படி ஓட வேண்டும் என்று ஆசைப்படுகிறாரோ அதைத்தான் சொல்வார். நிஜத்தில் எப்படி ஓடுகிறது என்பது கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கும் பண்டல் கட்டுகிற அண்ணனுக்கும்தான் தெரியும். ஈரோட்டில் ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை நடக்கும். கேரளா, கர்நாடகா பார்ட்டிகள் எல்லாம் அப்போதுதான் வருவார்கள். நம் ஆட்கள் புதன்கிழமை மதியம், கடை காலியாக இருக்கும் நேரம் பார்த்துப் போய், ஏசி அறையில் காபி குடித்துக்கொண்டே தேவைகளை எழுதி வாங்கி வருகிறார்கள். செவ்வாய் காலை போய் கல்லாவுக்குப் பக்கத்தில் ஓரமாக நின்று பாருங்கள். ஒரு பார்ட்டி பாதிச் சரக்கு எடுத்துவிட்டு, "பக்கத்துக் கடை போய்ட்டு வரேன், போட்டு வைங்க" என்று கிளம்புவார், அதற்குள் அடுத்தவர் வந்து நிற்பார், முதல் பில்லை ஓரங்கட்டி வைத்துவிட்டு இரண்டாவதைப் போட வேண்டும். அரை பில்லை நிறுத்தி வைக்கும் இந்த வசதியை எந்த ஓனரும் தேவை என்று சொல்லி நான் கேட்டதில்லை, அது இல்லாமல் சந்தை நாளில் ஒரு மணி நேரம்கூட ஓட்ட முடியாது.

இன்னொன்று. இருக்கிற மென்பொருளுக்குப் பக்கத்திலேயே ஒரு நோட்டு கிடக்கும். கெஞ்சியாவது அதை வாங்கிப் புரட்டுங்கள். பழைய மென்பொருள் செய்யாத வேலை எல்லாம் அதில்தான் இருக்கும்.

பில்லுக்குள் மாஸ்டரை எட்டிப் பார்ப்பது

இதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும், ஏனென்றால் இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

பில் டேபிளில் சரக்கின் எண், எத்தனை உருப்படி, இரண்டை மட்டும் வைத்திருப்பார்கள். பெயர், விலை, வரி சதவீதம், ஹெச்எஸ்என் (சரக்கின் வகையைச் சொல்லும் குறியீட்டு எண்) எல்லாம் சரக்கு மாஸ்டரில், அதாவது எல்லாச் சரக்கின் விவரமும் இருக்கும் பொதுப் பட்டியலில், இருக்கும். பில்லைத் திரையில் காட்டும்போதும் ரிப்போர்ட் எடுக்கும்போதும் மாஸ்டரோடு இணைத்து அந்த நொடியில் கணக்குப் போடுவார்கள். கேட்டால், ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்கக் கூடாது என்று பாடத்தில் படித்தோம் என்பார்கள். பாடம் சரிதான். எட்கர் காட் என்ற கணினி அறிஞர் 1970-ல் போட்டுக் கொடுத்த அடித்தளத்தில்தான் இன்றைக்கும் நம் டேட்டாபேஸ்கள் நிற்கின்றன, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இங்கே இருப்பது ஒரே தகவல் என்று யார் சொன்னது? சட்டையின் இன்றைய விலை ஒன்று, போன மாதம் 10-ஆம் தேதி இந்தப் பார்ட்டிக்கு நாம் கொடுத்த விலை இன்னொன்று. இடத்தை விற்றுக் கிரயப் பத்திரம் எழுதிய பிறகு அந்தத் தெருவில் விலை ஏறினால், பத்திரத்தில் எழுதிய தொகை தானாக மாறுமா?

மாறினால் என்ன ஆகும் என்பதை 2025 செப்டம்பரில் எல்லோரும் பார்த்தோம். செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. ஆயத்த ஆடைக்கு அதுவரை உருப்படி 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. புதிய விதியில் 2,500 வரை 5, அதற்கு மேல் 18. அதாவது 1,200 ரூபாய் சட்டைக்கு 21-ஆம் தேதி 144 ரூபாய் வரி, 22-ஆம் தேதி 60 ரூபாய்.

எனக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரக் கடை, மென்பொருள் வேறு ஒரு பையன் எழுதியது. 21-ஆம் தேதி இரவு உட்கார்ந்து மாஸ்டரில் 12 இருந்த இடத்தில் எல்லாம் 5 என்று மாற்றிவிட்டார்கள். மறுநாள் பில் சரியாக வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். அக்டோபர் 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது மாத விற்பனைக் கணக்கு, போட வேண்டும், அதற்கு ரிப்போர்ட் எடுத்தபோதுதான், கணக்கு பார்க்கும் அக்காவுக்கு வரித்தொகை இடித்திருக்கிறது. செப்டம்பர் 1 முதல் 21 வரை போட்ட பில்களிலும் 1,200 ரூபாய் சட்டைக்கு 5 சதவீதம்தான் காட்டுகிறது! பார்ட்டி கையில் இருக்கும் காகிதத்தில் 12, கடையின் ரிப்போர்ட்டில் 5. ஐம்பது சட்டை எடுத்த ஒரு பில்லில் மட்டுமே 4,200 ரூபாய் வித்தியாசம். பார்ட்டி அந்த 12-ஐ நம்பித்தான் உள்ளீட்டு வரி எடுப்பார் (வாங்கும்போது கொடுத்த வரியைத் தான் கட்டும் வரியில் கழித்துக்கொள்வார்), நாம் 5 என்று தாக்கல் செய்தால் அவர் சும்மா இருப்பாரா?

சரி, தவறு நடந்துவிட்டது. அதைச் சரிசெய்த விதம்தான் கொடுமை. மாஸ்டரில் திரும்ப 12 போட்டு, ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு, மறுபடியும் 5 ஆக்கிவிடலாம் என்று அந்தப் பையன் போனிலேயே யோசனை சொல்லியிருக்கிறான். செய்தார்கள். அவர்கள் ரிப்போர்ட் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் கீழே கல்லாவில் பில் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், அந்தப் பில்லெல்லாம் 12 சதவீதத்தில் அச்சாகிப் பார்ட்டியோடு போய்விட்டது. மாஸ்டரை மறுபடி 5 ஆக்கியதும் கடைத் திரையில் அதுவும் 5 ஆகிவிட்டது, ஆகவே எந்தெந்தப் பில் அப்படிப் போனது என்று கண்டுபிடிக்க மென்பொருளுக்குள் ஒரு தடயமும் இல்லை. கார்பன் காப்பி வைத்திருந்ததால் பிழைத்தார்கள்.

அதோடு முடியவில்லை. செப்டம்பர் 10-ஆம் தேதி விற்ற சட்டை அக்டோபரில் ரிட்டர்ன் வருகிறது. கிரெடிட் நோட் (திரும்பி வந்த சரக்குக்குக் கழித்துக் கொடுக்கும் சீட்டு) அசல் பில்லின் விகிதத்தில், அதாவது 12-ல் போக வேண்டும். இவர்களின் ரிட்டர்ன் திரையோ மாஸ்டரிலிருந்து சரக்கைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், 5-ல் போடும். ரிட்டர்ன் எப்போதும் பழைய பில்லில் இருக்கும் அந்தச் சரக்குப் பதிவோடு இணைந்திருக்க வேண்டும், இதில் பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே பில் போட்ட நொடியில் சரக்கின் பெயர், ஹெச்எஸ்என், விலை, தள்ளுபடி, வரி சதவீதம், சிஜிஎஸ்டி (மத்திய வரி), எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி), ஐஜிஎஸ்டி (வெளிமாநில விற்பனை வரி) தொகைகள், ரவுண்டு ஆஃப், எல்லாவற்றையும் பில்லின் சரக்குப் பதிவிலேயே நகலெடுத்து வையுங்கள். பார்ட்டியின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், மாநிலக் குறியீடு இதையும்தான். தனியாள் நிறுவனமாக இருந்தவர் தம்பியைச் சேர்த்துக் கூட்டு நிறுவனம் ஆக்கினால் பான் மாறும், பான் மாறினால் ஜிஎஸ்டி எண்ணும் மாறும், ஏனென்றால் அந்த 15 இலக்கத்தில் நடுவில் இருக்கும் பத்தும் பான்தான். பார்ட்டி மாஸ்டரில் புது எண்ணைப் பழைய எண்ணின் மேலேயே எழுதினால் மூன்று வருடத்துப் பழைய பில்கள் எல்லாம் அன்றைக்கு இல்லாத ஒரு நிறுவனத்தின் பெயரில் அச்சாகும்.

இன்னொரு நுணுக்கம், இதைப் பாதிப் பேர் கவனிப்பதில்லை. ஆயத்த ஆடையில் வரி சதவீதம் சரக்கின் குணமே இல்லை. விற்ற விலையைப் பொறுத்தது அது. 2,600 ரூபாய் சட்டையைத் தள்ளுபடி போட்டு 2,400-க்குக் கொடுத்தால் 18 போய் 5 ஆகிவிடும். ஆக மாஸ்டரில் 'வரி' என்று ஒரு ஃபீல்டு வைத்தாலே தப்பு தொடங்கிவிட்டது. ஹெச்எஸ்என், எந்தத் தேதியிலிருந்து, எந்த விலை வரம்பு, எத்தனை சதவீதம் என்று தனி டேபிள் போடுங்கள். விகிதம் மாறும்போது பழைய பதிவைத் தொடாமல் புதிய தேதியோடு ஒரு பதிவு சேர்த்தால் போதும், அதை முன்கூட்டியே செய்துவிட்டு இரவு நிம்மதியாகத் தூங்கலாம். 2017 ஜூலையில் வாட் போய் ஜிஎஸ்டி வந்தபோதே எங்கள் செட்டு இந்த அடியைப் பட்டுவிட்டது, நான் உட்பட. எட்டு வருடம் கழித்தும் அதே டேபிளை அதே மாதிரி எழுதுகிறார்கள் என்பதுதான் எரிச்சல்.

டெலீட் பட்டன்

வைக்காதீர்கள். 'ரத்து' என்று குறியுங்கள், எண் அப்படியே இருக்கட்டும். இ-இன்வாய்ஸ் எடுத்த பில்லை, அதாவது அரசுத் தளத்தில் பதிவு செய்த பில்லை, அங்கே 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும், ரத்தான எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது. கம்பெனியாகப் பதிவு செய்த வாடிக்கையாளர் என்றால் கணக்கு மென்பொருளில் யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம், அதை அணைத்து வைக்கும் வசதியும் இருக்கக் கூடாது.

ரூபாயை ஃப்ளோட்டில் வைப்பது

ஃப்ளோட் என்பது தசம எண்ணைத் தோராயமாக வைக்கும் வகை. அதில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 வரும். பைசாவை முழு எண்ணாக வையுங்கள், அல்லது தசமத்தைத் துல்லியமாக வைக்கும் டெசிமல் வகையில். பில்லின் ஒவ்வொரு சரக்குப் பதிவிலும் ரவுண்டு செய்வதா, கடைசியில் ஒரே தடவையா என்பதை ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்துவிட்டு எல்லா இடத்திலும் அதையே பின்பற்றுங்கள்.

பில் எண்

விதிப்படி 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரு நிதியாண்டுக்குள் வரிசையாக இருக்க வேண்டும். கடைப் பெயர், கிளை, வருடம், மாதம் எல்லாவற்றையும் அதில் திணித்தால் வரிசை எண்ணுக்கு இடம் இருக்காது. டேட்டாபேஸ் தானாகக் கொடுக்கும் எண்ணைப் பில் எண்ணாக்காதீர்கள், சேமிப்பு பாதியில் தோற்றால் அந்த எண் தாவிவிடும், அப்புறம் நடுவில் காணாமல் போன பில் எங்கே என்று அதிகாரி கேட்பார்.

கேட்டதையெல்லாம் செய்து கொடுப்பது

ஜெர்மனியின் லிடில் சூப்பர்மார்க்கெட் 2011-ல் தொடங்கிய எஸ்ஏபி (பெரிய நிறுவனங்கள் வாங்கும் ஜெர்மன் மென்பொருள்) திட்டத்தை, சுமார் 50 கோடி யூரோ செலவானதாகச் செய்தி வந்த நிலையில், 2018-ல் தூக்கிப் போட்டது. பெரிதாகப் பேசப்பட்ட காரணம், லிடில் தன் இருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும் வழக்கத்தை விடவில்லை, எஸ்ஏபி-யின் சில்லறை மென்பொருளோ விற்பனை விலையை அடிப்படையாகக் கொண்டது. அத்தனை பணம் இருந்தவர்களுக்கே அந்தக் கதி. எது கடையின் உயிர்நாடி, எது வெறும் பழக்கம் என்று பிரித்துவிட்டு, பழக்கத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லத் தயங்காதீர்கள். பில் தாளின் அகலத்தை மாற்ற மறுத்த ஓனர்கள், காரணம் சொன்னால் மறு வாரமே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

தீபாவளி மாதத்தில் மென்பொருளை மாற்றுவது

மாற்றாதீர்கள்.

டெமோ டேட்டாவில் மதிப்பிடுவது

ஐந்து சட்டை, இரண்டு பார்ட்டி, எல்லாம் ரொக்கம், ஓனர் தலையாட்டுவார், இதற்குப் பெயர் சோதனை இல்லை. ஏற்கெனவே தாக்கல் செய்து முடித்த ஒரு பழைய மாதத்தை எடுங்கள். அந்த மாதப் பில், ரிட்டர்ன், வரவு எல்லாவற்றையும் புது மென்பொருளில் ஏற்றி, வரும் ஜிஎஸ்டிஆர்-1 மொத்தத்தைத் தாக்கல் செய்ததோடு ஒப்பிடுங்கள். ஒரு ரூபாய் இடித்தாலும் ஏன் என்று தெரியும்வரை விடாதீர்கள். சில சமயம் பழைய மென்பொருள்தான் தப்பாக இருக்கும், அதைச் சொல்லும்போது மட்டும் ஆடிட்டரை வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அடுத்து, நான் யார் மென்பொருளைப் பார்த்தாலும் முதலில் செய்வது: ஒரு பில்லை அச்செடுத்துக்கொள்வேன். பிறகு அந்தச் சரக்கின் பெயர், விலை, வரி, பார்ட்டியின் முகவரி, கடையின் முகவரி வரை எல்லாவற்றையும் மாற்றிவிட்டு அதே பில்லை மறுபடி அச்செடுத்து, இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடிப்பேன். ஓர் எழுத்து விலகினாலும் மேற்கொண்டு எதையும் பார்ப்பதில்லை.

இதில் தேறினால் ஒரு முழு மாதம், மாதக் கடைசி கணக்கு முடிப்பு உட்பட, பழையதும் புதியதும் சேர்ந்தே ஓடட்டும். கல்லாக்காரர்கள் இரட்டை வேலை என்று திட்டுவார்கள், அந்த மாதத்துக்கு அவர்களுக்குக் கூடுதலாக ஏதாவது தரச் சொல்லி ஓனரிடம் முன்பே பேசிவிடுங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் அந்த நோட்டு இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் கடைசியாக எழுதிய பக்கத்தின் தேதியைப் பாருங்கள். பழைய மென்பொருளின் உரிமத்தை நடப்பு நிதியாண்டின் மார்ச் 31 வரையாவது கைவிட வேண்டாம் என்று எழுத்தில் சொல்லுங்கள், உங்கள் கடைசித் தவணையையும் அதற்குப் பிறகே வாங்கிக்கொள்ளுங்கள்.