பரிவுக் குழாயில் 332 வந்தால் நம்ப வேண்டாம்

பரிவுக் குழாய் என்பது, நீரில் நிற்கும் குழாயின் வளிநிரலை நீட்டி, இசைக்கவையின் (தட்டினால் ஒரே சுரம் எழுப்பும் உலோகக் கவை) ஒலி உரத்துக் கேட்கும் நீளத்திலிருந்து ஒலிவேகத்தைக் காணும் பரிசோதனை. கிளிநொச்சியின் 32 பாகை வெக்கையில், 512 ஹேர்ட்ஸ் இசைக்கவையோடு எனக்கு ஒலிவேகம் செக்கனுக்கு 332 மீற்றர் வந்தது. புத்தகப் பெறுமானம்தானே என்று விட்டுவிடாதீர்கள். அது 0 பாகைக்குரியது. இந்தச் சூட்டில் 351 அளவில் வரவேண்டும்.

முதற்பரிவு (ஒலி முதலில் உரத்துக் கேட்பது) நீளத்தை மட்டும் எடுத்து, அது அலைநீளத்தின் கால்பங்கு என்று நான்கால் பெருக்கியதுதான் பிழை. 3 சென்ரிமீற்றர் உள்விட்டக் குழாயில் முரண்கணு (வளி மிகக் கூடுதலாக அதிரும் இடம்) வாய்க்கு மேலே ஏறத்தாழ 0.9 சென்ரிமீற்றரில் நிற்கும். அதனால்தான் 17.1இல் எதிர்பார்த்த பரிவு 16.2இலேயே கேட்டது.

அடிமூடி ஒட்டிய 4 அங்குல பிவிசி குழாயில் நீர் நிரப்பி, ஒரு மீற்றர் நீளமான மெல்லிய குழாயை உள்ளே இறக்கி மெல்ல உயர்த்தினேன். இரண்டாம் பரிவு 50.5இல். வித்தியாசம் 34.3, அதன் இருமடங்கான அலைநீளத்தை மீற்றரில் எடுத்து 512ஆல் பெருக்க 351. அந்த 0.9, அதாவது முனைத்திருத்தம், இரு நீளங்களிலும் இருப்பதால் தானாகவே கழிந்துவிடும்.

கவையைச் செருப்பின் இறப்பர் அடியில் தட்டுங்கள். மேசை விளிம்பில் தட்டினால் மேற்சுரம் எழும்பிக் காதைக் குழப்பும்.