பைத்தானில் இணையப் பக்கம் எடுக்கப் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தைச் சேர்த்து, முகவரி கொடுத்து, 'கெட்' என்று எழுதினால் பக்கம் கைக்கு வந்துவிடுகிறது. மூன்றே வரி. அந்தச் சுலபத்தைப் பார்த்துத்தான், நம் கணினியில் கிடக்கும் ஃபைலைத் திறப்பதும் இதுவும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். மற்ற தவறெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

டைம்அவுட் கொடுக்காமல் விடுவதைப் பாருங்கள். ரிக்வெஸ்ட்ஸில் நாமாகச் சொல்லாதவரை காத்திருப்புக்கு எல்லையே கிடையாது. இரவில் ஓடவிட்டுப் படுத்த என் ஸ்கிரிப்ட் ஒன்று, விடிந்து பார்த்தபோது நாற்பதாவது பக்கத்திலேயே நின்றிருந்தது. எர்ரர் எதுவும் இல்லை. சர்வர் இணைப்பைத் துண்டிக்கவும் இல்லை, பதில் தரவும் இல்லை. ஒவ்வொரு அழைப்பிலும் டைம்அவுட்=10 என்று போடுங்கள். பக்கம் முழுதும் 10 விநாடிக்குள் வந்துசேர வேண்டும் என்பதல்ல இதன் பொருள். 10 விநாடி ஒன்றுமே வராமல் போனால் விட்டுவிடு என்பதுதான்.

சர்வர் 404 (பக்கம் இல்லை), 500 (சர்வரில் கோளாறு) என்ற பிழை எண்களை அனுப்பினாலும் ரிக்வெஸ்ட்ஸ் தானாக நிற்காது. 'பக்கம் இல்லை' என்ற அறிவிப்பையே தரவாக நினைத்துச் சேமித்துக்கொண்டிருப்போம். ரெய்ஸ்-ஃபார்-ஸ்டேட்டஸ் அழைத்தால் அங்கேயே தெரிந்துவிடும். எல்லாம் சரி என்று பொருள்படும் 200 வந்தாலும் முழுக்க நம்ப வேண்டாம். லாகின் பக்கமும் 200 என்றே வரலாம்.

தமிழ்ப் பக்கம் எடுப்பவர்களைப் படாதபாடு படுத்துவது என்கோடிங், அதாவது எழுத்துகளை பைட்டுகளாகக் குறிக்கும் முறை. சர்வர் சார்செட் (எந்த என்கோடிங் என்பது) சொல்லாமல் டெக்ஸ்ட்/ஹெச்டிஎம்எல் என்று மட்டும் அனுப்பினால், ரிக்வெஸ்ட்ஸ் அதை ஐஎஸ்ஓ-8859-1 என்ற லத்தீன் எழுத்து என்கோடிங்காக எடுத்துக்கொள்ளும். 'அம்மா' என்ற சொல் யூடிஎஃப்-8இல் 15 பைட்: அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்துக்கும் மும்மூன்று. அந்த 15 பைட்டும் தனித்தனி லத்தீன் குறிகளாகிச் சொல்லே சிதைந்துவிடும். சிதைந்ததை ரீப்ளேஸ் போட்டுத் திருத்த உட்காராதீர்கள். டெக்ஸ்ட்டைப் படிக்கும் முன்பே என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்று மாற்றுங்கள். அல்லது கன்டென்ட்டில் உள்ள பைட்டுகளை அப்படியே ஹெச்டிஎம்எல்லைப் பிரித்துத் தரும் ப்யூட்டிஃபுல் சூப் நூலகத்திடம் கொடுங்கள்; மெட்டா டேகைப் பார்த்து அது கண்டுகொள்ளும். ஹெச்டிஎம்எல்லை ரெகுலர் எக்ஸ்பிரஷனால் (எழுத்து வடிவங்களைத் தேடும் சூத்திரத்தால்) பிரிக்கும் பழக்கமும் இதோடு ஒழியும்.

பிரவுசரில் தெரிவது ஸ்கிரிப்டுக்குக் கிடைக்கவில்லை என்றால், அதை ஜாவாஸ்கிரிப்ட் பின்னால் நிரப்புகிறதா என்று 'வியூ சோர்ஸ்' போட்டுப் பாருங்கள்.

கடைசியாக, லூப்பில் இடைவெளியே விடாமல் அடிப்பது. அந்த சர்வரை வேறு பலரும் நம்பியிருக்கிறார்கள். 'அளவுக்கு மீறிக் கேட்கிறாய்' என்று சொல்லும் 429 வந்தால் உடனே மறுபடி கேட்காமல், ரீட்ரை-ஆஃப்டர் ஹெடர் இருக்கிறதா என்று பாருங்கள். 120 என்றிருந்தால் 120 விநாடி பொறுக்க வேண்டும். சில சர்வர்கள் அதில் எண்ணுக்குப் பதில் தேதியும் நேரமும் அனுப்பும். கண்ணை மூடிக்கொண்டு இன்ட் போட்டு எண்ணாக மாற்றப் பார்த்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே விழுந்துவிடும்.