கூரை திறக்கும் சூப்பர்கார்: சொகுசு விஷயத்தில் ஏமாறும் இடங்கள்

கூரை திறக்கும் சூப்பர்காரை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ போகிறவர்கள் எத்தனை குதிரைசக்தி, நூறைத் தொட எத்தனை நொடி என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு: கழற்றிய கூரை எங்கே போகிறது? பெட்டியை எங்கே வைப்பது, மழை வந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் பெரும்பாலும் இந்தப் பதிலைப் பொறுத்ததுதான்.

லம்போர்கினி அவென்டடோர் ரோட்ஸ்டரை எடுத்துக்கொள்வோம். 2012 கடைசியில் அறிமுகமான கார், முதுகுக்குப் பின்னால் 6.5 லிட்டர் வி12 (பன்னிரண்டு சிலிண்டர்) எஞ்சின். கூரை என்பது இரண்டு கார்பன் ஃபைபர் பலகைகள், ஒவ்வொன்றும் சுமார் 6 கிலோ. பட்டனை அமுக்கினால் மடங்கும் சமாசாரமெல்லாம் இல்லை. வண்டியை நிறுத்தி, பூட்டை விடுவித்து, கையால் தூக்கி, முன்பக்க டிக்கியில் வைக்கவேண்டும். வைத்தபின் டிக்கியில் பெட்டிக்கு இடமே இருக்காது. இருவர் இரண்டு நாள் பயணத்துக்குக் கிளம்பி, வழியில் வெயில் நன்றாக இருக்கிறதே என்று கூரையைக் கழற்ற நினைத்தால், பெட்டி பக்கத்து சீட்டில் இருப்பவரின் மடிக்குத்தான் போகும். பலகைகளை ஹோட்டலிலேயே விட்டுவிட்டுப் போகலாம். அப்புறம் வானத்தை நம்பித்தான் ஓட்டவேண்டும்.

அதே நிறுவனத்தின் முந்தைய முர்சியெலாகோ ரோட்ஸ்டருக்குத் துணிக்கூரை. அதை மாட்டிக்கொண்டு மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. புகாட்டி வேய்ரான் கிராண்ட் ஸ்போர்ட் இன்னும் வேடிக்கை. அதன் கெட்டிக்கூரை காருக்குள் எங்குமே அடங்காது. வீட்டில் வைத்துவிட்டுத்தான் கிளம்பவேண்டும். வழியில் மழை பிடித்துக்கொண்டால் விரிக்க, குடை மாதிரி ஒரு துணிக்கூரை உண்டு. அதை விரித்தால் வேக வரம்பு 130. நானூறைத் தாண்டக்கூடிய காருக்கு!

சரி, தானாக மடங்கும் கூரை இருந்தால் கவலையில்லையா? பாதிக் கவலை போகும். ஃபெராரி 488 ஸ்பைடரின் கூரை 14 நொடியில் திறக்கும், 45 கிலோமீட்டர் வேகம் வரை ஓட்டிக்கொண்டே இயக்கலாம். மெக்லாரன் 720எஸ் ஸ்பைடருக்கு 11 நொடி, 50 கிலோமீட்டர். ஆனால் மடங்கிய கூரைக்கும் இடம் வேண்டுமே. மெக்லாரனில் முன்பக்கம் 150 லிட்டர் டிக்கி இருக்கிறது. கூரை மூடியிருக்கும்போது பின்மூடிக்குக் கீழே இன்னும் 58 லிட்டர் கிடைக்கும். அங்கே பையைத் திணித்துவிட்டால் அதை எடுக்கும்வரை கூரையைத் திறக்கும் எண்ணத்தை மறந்துவிடவேண்டியதுதான். விளம்பரத் தாளில் இரண்டையும் கூட்டி 208 லிட்டர் என்று படித்துவிட்டு பெட்டி வாங்கப் போகாதீர்கள். பெட்டியோடு பயணம் போவதுதான் முக்கியம் என்றால் என் கை ஃபெராரி கலிஃபோர்னியா பக்கம்தான் நீளும். எஞ்சின் முன்னால் இருப்பதால் கூரை மூடியிருந்தால் 340 லிட்டர், திறந்தால்கூட 240. இதில் எட்டு சிலிண்டர்தானே என்று வி12 வெறியர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

காற்று விஷயத்தில்தான் அதிகம் பேர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். முன்கண்ணாடியைத் தாண்டி வரும் காற்றுதான் முகத்தில் அடிக்கிறது என்று நினைத்து, பக்கக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு ஜாலியாகக் கிளம்புவார்கள். உண்மையில் அந்தக் காற்று தலைக்கு மேலே போய்விடுகிறது. அப்படிப் போகும்போது கேபினுக்குள் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறையை நிரப்ப, பின்பக்கத்திலிருந்து காற்று சுருண்டு உள்ளே வருகிறது. பிடரியில் படபடவென்று அடிப்பதும், தலைமுடி முன்னால் வந்து கண்ணை மறைப்பதும் இதனால்தான். ஆகவே அடைக்கவேண்டியது பின்பக்கத்தை. இந்த வகைக் கார்கள் பலவற்றில் சீட்டுக்குப் பின்னால் சிறிய கண்ணாடி ஒன்று தனி பட்டனோடு இருக்கும். கூரை திறந்திருக்கும்போது அதை உயர்த்தி, பக்கக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டால் நெடுஞ்சாலையில்கூடப் பேச்சு காதில் விழும். எவ்வளவு உயர்த்துவது என்பது ஆளின் உயரத்தைப் பொறுத்தது, ஓட்டிப் பார்த்துத்தான் பிடிபடும். மழை நாளில் இதே கண்ணாடிக்கு இன்னொரு பயனும் உண்டு: கூரையை மூடிவிட்டு இதை மட்டும் இறக்கினால் நனையாமல் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போகலாம்.

அடுத்து சஸ்பென்ஷன், அதாவது சாலையின் குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு. காரை ஸ்போர்ட் அல்லது ரேஸ் நிலைக்கு மாற்றிவிட்டு, "இடுப்பு போச்சு" என்று காரைத் திட்டுவார்கள். கியரும் எஞ்சினும் துடிப்பாக இருக்க, சஸ்பென்ஷன் மட்டும் மென்மையாக இருக்க வழி இருக்கிறது. ஃபெராரி ஸ்டியரிங்கில் மேடுபள்ளச் சாலைக்கென்றே ஒரு பட்டன் உண்டு. மெக்லாரனில் எஞ்சினுக்கும் சஸ்பென்ஷனுக்கும் தனித்தனித் திருகு குமிழ்கள். லம்போர்கினிதான் இதில் தாமதம். அவென்டடோர் எஸ் வந்தபிறகுதான் ஈகோ என்ற நிலையில் இவற்றைப் பிரித்து அமைத்துக்கொள்ள முடிந்தது. அவென்டடோரில், எஸ் உட்பட, கியர்பெட்டி ஒற்றைக் கிளச். நெரிசலில் ஊர்ந்து போகும்போது குலுக்கி எடுக்கும். வாங்குவதற்கு முன் காலி ரோட்டில் மட்டும் ஓட்டிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

சீட்டும் அப்படித்தான். கார்பன் பக்கெட் சீட் பார்க்க அழகு. பெரும்பாலானவற்றில் முதுகுச் சாய்வை மாற்றமுடியாது. ஐந்து நிமிடம் உட்கார்ந்து முடிவெடுக்காமல் அரைமணி நேரமாவது உட்காருங்கள். கூரையை மூடியும் ஒருமுறை ஏறி இறங்குங்கள். திறந்திருக்கும்போது நின்றபடி காலை விட்டு ஏறுகிறவர், மூடியபின் தலையைக் குனிந்து, அகலமான பக்கச்சட்டத்தைத் தாண்டி, கிட்டத்தட்டத் தரையளவில் போய் விழவேண்டியிருக்கும். இறங்குவது அதைவிடக் கஷ்டம்.

வீட்டில் அடித்தள பார்க்கிங் என்றால் டேப்பை எடுத்துக்கொண்டு இறங்குங்கள். அவென்டடோரின் அகலம் பின்னால் வருவதைப் பார்க்கும் வெளிக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே 2.03 மீட்டர். கதவு பக்கவாட்டில் திறக்காமல் மேலே எழும்புவதால், தூணைவிட தலைக்கு மேல் போகும் தண்ணீர்க் குழாயைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.