கார் பெயின்ட்டின் பளபளப்பை பிளெண்டரில் உருவாக்குவது

பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் காலை வெயிலில் நிற்கும் கருநீல மெட்டாலிக் காரின் பானெட்டைக் குனிந்து பார்த்தால், இரண்டு மினுக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். மேலே மரக்கிளைகளும் வானமும் நிறம் மாறாமல் கூர்மையாக விழுந்திருக்கும். அதன் அடியில், நீலம் தோய்ந்த மங்கலான ஒளி பரவியிருக்கும். பிரைமருக்கு மேல் நிறமும் நுண்ணிய அலுமினியத் துகள்களும் கலந்த பேஸ் கோட், அதற்கு மேல் நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காகப் பூசுவதால்தான் இவ்வாறு தெரிகிறது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளிலும் இந்த இரண்டையும் பிரித்தே அமைக்க வேண்டும்.

பலரும் பளபளப்பு வேண்டுமென்று பரப்பின் சொரசொரப்பைக் குறிக்கும் ரஃப்னஸைப் பூச்சியமாக்குகிறார்கள். கிடைப்பது நிறம் பூசிய குரோம்தான். பரப்பின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் பிரின்சிபிள்டு பிஎஸ்டிஎஃப் ஷேடரில், உலோகத்தன்மையைக் குறிக்கும் மெட்டாலிக்கை 0.8 அளவிலும் ரஃப்னஸை 0.4 அளவிலும் வைத்துவிட்டு, மேல்பூச்சின் அளவான கோட் வெயிட்டை 1 ஆகவும், கோட் ரஃப்னஸை 0.02 ஆகவும், கோட் ஐஓஆரை (ஒளிவிலகல் எண்ணை) 1.5 ஆகவும் கொடுங்கள். (2023இல் வந்த 4.0 பதிப்புக்கு முன் இந்தக் கோட் பகுதி கிளியர்கோட் என்ற பெயரில் இருந்தது.) 1.5 என்ற ஒளிவிலகல் எண்ணில், நேராகப் பார்க்கும்போது ஏறத்தாழ 4 சதவீத ஒளியே மேற்பரப்பில் பிரதிபலிக்கும். பார்வை சாயச் சாய அது விரைவாகக் கூடும். காரின் ஓரங்கள் வானத்தை ஏந்திக்கொள்வது இதனால்தான்.

துகள்களில்தான் அதிகப் பொறுமை தேவை. பரப்பைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வொரோனோய் டெக்ஸ்சரின் கலர் வெளியீட்டிலிருந்து 0.5ஐக் கழித்து, மிகச் சிறிய எண்ணால் பெருக்கி, ஜியோமெட்ரி நார்மலுடன் (பரப்பு நோக்கும் திசையுடன்) கூட்டி, நார்மலைஸ் செய்து (நீளத்தை 1 ஆக்கி) ஷேடரின் நார்மல் உள்ளீட்டில் இணையுங்கள். ஒவ்வொரு துகளும் சற்றே வேறு திசையில் சாய்ந்து, வெளிச்சம் படும் இடத்தில் மட்டும் மின்னும். கோட் நார்மலில் இதை இணைத்துவிடக் கூடாது; இணைத்தால் மேல்பூச்சே மணல் தூவியதுபோல் ஆகிவிடும். அங்கே போக வேண்டியது, பெயின்டர்கள் ஆரஞ்சு பீல் என்று சொல்லும் மெல்லிய அலைவு மட்டுமே: நாய்ஸ் டெக்ஸ்சரை, மேடுபள்ளத் தோற்றம் தரும் பம்ப் வழியாக, கண்ணுக்கு எட்டியும் எட்டாத அளவில் கொடுத்தால் போதும்.

பரப்பு பார்வைக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்லும் லேயர் வெயிட்டின் ஃபேசிங் வெளியீட்டை, எண்ணை நிறமாக மாற்றும் கலர் ரேம்ப்பில் கொடுத்து, ஓரத்து நிறத்தைச் சற்றுக் கருமையாக்கி பேஸ் கலரில் இணையுங்கள்.

பிரதிபலிக்க எதுவும் இல்லாத வெற்று வெளியில் எந்தப் பெயின்ட்டும் உயிர் பெறாது. கப்பன் பார்க் போல மரமும் திறந்த வானமும் கலந்த ஓர் எச்டிஆர்ஐ படத்தை (வெளிச்சத்தின் அளவுகளையும் பதிந்துவைத்த படத்தை) சூழலாக வையுங்கள். ஸ்டூடியோ தோற்றம் வேண்டுமென்றால், காரின் நீளத்துக்கு ஒரு ஏரியா லைட்டைத் தலைக்கு மேலே நிறுத்துங்கள்.

பிறகு மெட்டாலிக்கை 1 ஆக்கி, பேஸ் கலரைக் கறுப்பாக்கி ஒருமுறை ரெண்டர் செய்து பாருங்கள். கிளியர் கோட்டின் பிரதிபலிப்பு மட்டும் பெரும்பாலும் தனித்து நிற்கும். கதவுகளின் மேல் ஓடும் ஒளிக்கோடு ஓரிடத்தில் நெளிந்தாலோ ஒடிந்தாலோ, பெயின்ட்டைத் தொடாமல் முதலில் அந்த இடத்தின் மெஷ்ஷை (வடிவத்தை உருவாக்கும் வலையை) சரிசெய்யுங்கள்.